பழைய காரில் குளிர்ச்சி குறைவது ஏன்?

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்குச் சித்திரை மாதத்தில் பழைய காரில் வருவோர் ஒரு செய்தியைக் கவனித்திருக்கக்கூடும். களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலை வரை வண்டி தடையின்றி ஓடும்பொழுது உள்ளே ஓரளவு குளிர்ச்சி இருக்கும். நெய்யாற்றின்கரையிலும் பாலராமபுரத்திலும் வண்டி ஊர்ந்து செல்லத் தொடங்கியதும் அக்குளிர்ச்சி சிறிது சிறிதாக மறைந்து, கரமனைப் பாலத்தை எட்டுவதற்குள் உள்ளே இருப்போர் கண்ணாடிகளை இறக்கி விடுவர். மறுநாள் வண்டி பட்டறைக்குச் செல்லும். அங்கே பெரும்பாலும் கிடைக்கும் விடை ஒன்றே: "கேஸ் குறைந்துவிட்டது, நிரப்ப வேண்டும்."

இவ்விடை சில வேளைகளில் சரியானது. பல வேளைகளில் தவறானது. பெட்ரோல் எரிந்து தீர்வது போலக் குளிர்பதனப் பொருள் தீர்ந்து போவதில்லை. மூடிய குழாய்களுக்குள் ஒரே பொருளே மீண்டும் மீண்டும் சுற்றி வருகின்றது. அது குறைந்திருக்குமாயின் எங்கோ கசிவு உண்டு. கசிவு இல்லையெனில் குறைந்திருக்க முடியாது. கசிவைத் தேடாமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதை ஒக்கும். துறை வண்டிகளில் ஊர் ஊராகச் செல்லும் களப் பணியாளர்க்கும், வெப்பவியலை வகுப்பில் கற்பிக்கும் ஆசிரியர்க்கும் பயன்படும் வகையில் இப்பொருளை இங்கே ஆராய்வோம். ஆசிரியர்க்கு இதில் மற்றோர் ஆதாயமும் உண்டு. மறைவெப்பம், ஈரப்பதம், ஆவியழுத்தம் என மூன்று வெவ்வேறு பாடங்களாக நாம் நடத்துவன யாவும் காரின் முன்மூடிக்கு அடியில் ஒன்றாகக் கூடி நிற்கின்றன.

இயந்திரத்தின் வேலை

உள்ளங்கையில் சிறிது ஸ்பிரிட்டை ஊற்றினால் அவ்விடம் சில்லென்று ஆகின்றது. ஸ்பிரிட் ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைக் கையிலிருந்து எடுத்துக்கொள்வதே காரணம். காரின் குளிரூட்டும் அமைப்பில் ஸ்பிரிட்டின் இடத்தில் இருப்பது ஆர்-134ஏ என்னும் பொருள். வளிமண்டல அழுத்தத்தில் இது சுழிக்குக் கீழே 26 பாகை செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிவிடும். ஆவியானதைக் காற்றில் விட்டுவிடாமல் பிடித்து, மீண்டும் திரவமாக்கி, மீண்டும் ஆவியாக்குவதே இயந்திரத்தின் முழு வேலையாகும்.

இதற்கு நான்கு உறுப்புகள் வேண்டும். என்ஜினிலிருந்து பெல்ட்டு வழியாக ஓட்டப்படும் அமுக்கி, ஆவியை அமுக்கிச் சூடாக்குகின்றது. சைக்கிள் பம்பின் அடிப்பகுதி சூடாவதை மாணாக்கர் அறிவர், இதுவும் அதுவே. சூடான ஆவி, வண்டியின் முகப்பில் ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள சுருளுக்குச் செல்கின்றது. அங்கே வெளிக்காற்றுக்கு வெப்பத்தைக் கொடுத்துத் திரவமாகின்றது. இதனைப் பட்டறையில் கண்டென்ஸர் என்பர். நாம் வெப்பச்சுருள் என்போம். பின்னர் அத்திரவம் ஒரு குறுகிய வால்வின் வழியே பாய்ந்து அழுத்தம் குறைகின்றது. இறுதியில், முன்பலகைக்குப் பின்னே மறைந்திருக்கும் மற்றொரு சுருளில் அது கொதித்து ஆவியாகி, தன்மீது வீசும் காற்றைக் குளிர்விக்கின்றது. பட்டறையார் கூலிங் காயில் என்று கூறும் இதற்குக் குளிர்ச்சுருள் என்று பெயரிடுவோம். ஆவி அமுக்கிக்கே திரும்புகின்றது.

ஆகவே இவ்வியந்திரம் குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை வாரி வெளியே கொட்டுகின்றது. எடுக்கும் இடத்தில் தடை ஏற்படலாம். கொட்டும் இடத்தில் தடை ஏற்படலாம். சுமந்து செல்லும் பொருள் குறையலாம், அல்லது மிகலாம். எல்லாவற்றுக்கும் வெளியில் தெரியும் அடையாளம் ஒன்றுதான்: குளிர்ச்சி போதவில்லை. ஒரே அடையாளத்தைக் கொண்டு ஒரே மருந்தைக் கொடுப்பது எவ்வளவு சரியாகும் என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கலாம்.

திருவனந்தபுரத்துக் காற்று

இனி, இவ்வூரின் காற்றைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். கார்களைப் பற்றிய பொதுநூல்களில் இப்பகுதி பெரும்பாலும் விடுபட்டிருக்கும்.

கடற்காற்று வீசும் ஒரு சித்திரைப் பிற்பகலில் சங்குமுகத்துக்கு அருகே வெப்பநிலை 32 பாகை, ஒப்பு ஈரப்பதம் நூற்றுக்கு 75 என்று கொள்வோம். அக்காற்றில் கிலோகிராம் ஒன்றுக்கு ஏறத்தாழ 22.7 கிராம் நீராவி கலந்திருக்கும். இதனை 10 பாகை வரை குளிர்விக்க விரும்புகிறோம். 10 பாகையில் காற்று தாங்கக்கூடிய நீராவி சுமார் 7.6 கிராமே. எஞ்சிய 15 கிராமும் நீராக மாறிக் குளிர்ச்சுருளின்மீது படிந்தாக வேண்டும். நீராவி நீராகும்பொழுது தன் மறைவெப்பத்தை வெளிவிடுமன்றோ? அவ்வெப்பத்தையும் இயந்திரமே வாங்கிக்கொள்ள வேண்டும்.

கணக்கைப் பார்ப்போம். காற்றை 22 பாகை குறைப்பதற்கு எடுக்க வேண்டிய வெப்பம் கிலோகிராமுக்கு ஏறத்தாழ 22 கிலோஜூல். 15 கிராம் நீராவியை நீராக்குவதற்கு எடுக்க வேண்டிய வெப்பம் 37 கிலோஜூலுக்குச் சற்று மேல். மொத்தம் 60 கிலோஜூல் எனலாம். அதாவது, இயந்திரத்தின் உழைப்பில் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்ட பங்கு நீரைப் பிழிந்தெடுப்பதற்கே செலவாகின்றது. குளிர்விப்பதற்குக் கிடைப்பது எஞ்சிய பங்குதான்.

இதனோடு தில்லியின் வைகாசி மாதத்து வறண்ட காற்றை ஒப்பிடுக. வெப்பநிலை 42 பாகை, ஒப்பு ஈரப்பதம் நூற்றுக்கு 20 என்று கொண்டால், அதில் உள்ள நீராவி கிலோகிராமுக்குச் சுமார் 10 கிராம். அதே 10 பாகைக்குக் கொண்டுவரக் குளிர்விப்பதற்கு 32 கிலோஜூலும், நீராக்குவதற்கு ஆறரை கிலோஜூலுமாக மொத்தம் 39 கிலோஜூலுக்குள் அடங்கிவிடும். பத்துப் பாகை அதிகச் சூடான தில்லிக் காற்றைவிடத் திருவனந்தபுரத்துக் காற்று ஒன்றரை மடங்கு வேலை வாங்குகின்றது. வெப்பமானி காட்டும் எண்ணை மட்டும் பார்ப்பவர்க்கு இது வியப்பாகத் தோன்றும். வடக்கே நன்றாகக் குளிர்ந்த ஒரு பழைய வண்டியை மாற்றலாகி இங்கே கொண்டுவந்த அலுவலர், வந்த வாரமே அது கெட்டுவிட்டதாக முறையிடுவதற்கு இதுவே விளக்கம். வண்டி கெடவில்லை, காற்று மாறிவிட்டது.

இக்கணக்கில் மேலும் ஒரு படி செல்வோம். வெளிக்காற்றை உள்ளே விடாமல், காருக்குள் ஏற்கெனவே குளிர்ந்து 25 பாகையும் நூற்றுக்கு 50 ஈரப்பதமும் உள்ள காற்றையே திரும்பத் திரும்பச் சுருளின் வழியே செலுத்தினால், 10 பாகைக்குக் கொண்டுவர வேண்டிய உழைப்பு கிலோகிராமுக்கு 21 கிலோஜூல் மட்டுமே. வெளிக்காற்றுக்கு 60; உட்காற்றுக்கு 21. ஒரு சிறிய காரின் ஊதி மணிக்கு 280 கிலோகிராம் காற்றைச் செலுத்துவதாகக் கொண்டால், முதல் நிலையில் நான்கரை கிலோவாட்டுக்கு மேற்பட்ட குளிர்விக்கும் திறன் வேண்டும். இரண்டாம் நிலையில் 1.6 கிலோவாட் போதும். முதிர்ந்து தேய்ந்த இயந்திரம் இரண்டாவதை எளிதில் செய்யும். முதலாவதைச் செய்ய இயலாமல் திணறும்.

காற்று வெளியிலிருந்து வருவதா, உள்ளிருந்தே சுழல்வதா என்பதைத் தீர்மானிப்பது முன்பலகையில் உள்ள ஒரு சிறு நெம்புகோலும், அதனோடு கம்பியால் இணைந்த ஒரு பிளாஸ்டிக் கதவுமேயாகும். பழைய வண்டிகளில் கம்பி கழன்றோ, கதவு இறுகியோ பாதி திறந்தவாறே நின்றுவிடும். நெம்புகோல் நகரும், கதவு நகராது. ஓட்டுநருக்கு இது தெரியவே தெரியாது.

சொட்டும் நீர்

இவ்விடத்தில் என் சொந்த அனுபவத்தைக் கூற வாசகர் இசைவு தருவாராக. என்னிடமுள்ள பழைய சிறு காரில் தொடர்ந்து மூன்று கோடைகளில் குளிர்ச்சி குறைந்தது. நாகர்கோவிலிலிருந்து என் தாயாரைக் கண் மருத்துவத்துக்காக மாதம் ஒரு முறை அழைத்து வருவது வழக்கம், எழுபத்தெட்டு வயதினர். வீடு வந்து சேரும்பொழுது அவர் முகம் வெளிறி, பேசவும் இயலாதவராய்ச் சாய்ந்து கிடப்பார். மூன்று கோடைகளிலும் மூன்று பட்டறைகளில் பணம் கொடுத்துக் கேஸ் நிரப்பினேன். ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் குளிர்ந்தது போல இருக்கும். ஆவல் தரும் மயக்கமே அது என்று இப்பொழுது நினைக்கிறேன்.

நான்காம் முறை, குலசேகரம் பக்கத்திலிருந்து வந்து இந்நகரில் தனியாக வேலை செய்யும் முதிய மெக்கானிக் ஒருவரிடம் சென்றேன். அவர் சிலிண்டரைத் தொடவில்லை. "கேஸ் கெடக்கட்டும் சாரே. வண்டிக்க அடியில தண்ணி சொட்டுதா, அதச் சொல்லும்" என்றார். நான் குனிந்து பார்த்தேன். அரை மணி நேரம் ஓடிய பின்னும் தரை உலர்ந்தே இருந்தது. "அப்ப அந்தத் தண்ணியெல்லாம் எங்க போவுது?" என்று கேட்டுவிட்டு, முன்னிருக்கையின் காலடியில் கிடந்த விரிப்பைத் தூக்கினார். விரிப்பின் அடியில் நீர் ஊறிப் பூஞ்சை பிடித்திருந்தது. பல மாதங்களாக வண்டிக்குள் வீசிய நாற்றத்துக்கும் விடை கிடைத்தது.

அவர் கேட்ட கேள்வி எவ்வளவு நுட்பமானது என்பதை மேற்கண்ட கணக்கைப் படித்தவர் உணர்வர். இவ்வூரில் நன்றாக வேலை செய்யும் குளிர்ச்சுருள் நீரைச் சொட்டியே தீர வேண்டும். வண்டியின் அடியில் நீர் தாராளமாகச் சொட்டினால் சுருள் பனிநிலைக்குக் கீழே குளிர்ந்திருக்கின்றது என்று பொருள். ஆகவே கேஸ் அடியோடு இல்லை என்று கூற முடியாது. சொட்டவில்லையெனில் இரண்டில் ஒன்று: சுருள் குளிரவில்லை, அல்லது நீர் வெளியேறும் குழாய் அடைபட்டிருக்கின்றது. விலையுயர்ந்த கருவி எதுவுமின்றி, குனிந்து பார்ப்பதனாலேயே இவ்வளவும் தெரிகின்றது.

என் வண்டியில் அடைப்பை நீக்கிய பின் அவர் ஊதியைக் கழற்றிக் குளிர்ச்சுருளைக் காட்டினார். அதன் முகத்தில் கம்பளி போர்த்தியது போலத் தூசும் மாம்பூவின் சருகும் அப்பிக் கிடந்தன. வீட்டு மாமரத்தடியில் வண்டியை நிறுத்தி வைத்ததன் பலன் அது. இக்காலத்துக் கார்களில் உட்காற்றை வடிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கும். பழைய கார்கள் பலவற்றில் அது இல்லை. தூசு நேராகச் சுருளுக்கே செல்லும். சுருளோ எப்பொழுதும் ஈரமாக இருக்கும். ஈரத்தில் தூசு ஒட்டும். மேலும், உட்காற்றுக் கதவின் கம்பி கழன்று தொங்கியது. அதற்கு அவர் செய்த பழுது, ஒரு சிறு பிடியை மாட்டியதுதான்.

இன்னொரு குறையும் அங்கே வெளிப்பட்டது. மூன்று கோடைகளில் நிரப்பிய கேஸை அவர் மீட்பு இயந்திரத்தில் எடுத்து நிறுத்துப் பார்த்தபொழுது, முன்மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருந்த சீட்டில் குறித்த அளவைவிட அது மிகுதியாக இருந்தது. கசிவே இல்லாத வண்டியில் மேலும் மேலும் நிரப்பியிருக்கின்றனர்! மிகுந்த கேஸ் குளிர்ச்சியை மிகுவிப்பதில்லை. வெப்பச்சுருளில் ஆவி சுருங்குவதற்குரிய இடத்தைத் திரவம் அடைத்துக்கொள்ளும், அழுத்தம் ஏறும், அமுக்கி வருந்தும், குளிர்ச்சி குறையும்.

ஈரக் காற்றினால் விளையும் மற்றொரு குறையை இதனோடு சேர்த்துக் கூறலாம். புறப்பட்டவுடன் நல்ல குளிர்ச்சி. அரை மணி நேரத்தில் துளைகளிலிருந்து வரும் காற்றின் வேகமே குறைந்துபோகும். அமுக்கியை நிறுத்திப் பத்து நிமிடம் ஊதியை மட்டும் ஓடவிட்டால் மீண்டும் குளிர்ச்சி வரும். இவ்வண்டியில் குளிர்ச்சுருளின்மீது நீர் பனிக்கட்டியாக உறைந்து காற்றின் வழியை அடைக்கின்றது. சுருள் அளவுக்கு மீறிக் குளிராமல் அமுக்கியை நிறுத்திவிடும் உணர்கருவி பழுதாகியிருக்கலாம். அல்லது அழுக்கினால் காற்றோட்டம் குறைந்திருக்கலாம். சிறிதளவு கசிவினால் கேஸ் குறைந்த வண்டியிலும் சுருளின் ஒரு பகுதியில் இவ்வாறு உறைவதுண்டு.

ஓடும்பொழுது குளிர்ந்து, நிற்கும்பொழுது சுடுவது

பாலராமபுரத்து நெரிசலுக்குத் திரும்புவோம். வண்டி ஓடும்பொழுது வெப்பச்சுருளின்மீது காற்று தானே மோதுகின்றது. நிற்கும்பொழுது விசிறி ஒன்றே கதி. விசிறி சுழலாவிட்டால், அல்லது தேய்ந்து மெதுவாகச் சுழன்றால், சுருள் தன் வெப்பத்தைக் கொட்ட இடமின்றி மேலும் சூடாகும். ஆர்-134ஏ 50 பாகையில் திரவமாவதற்கு வேண்டிய அழுத்தம் ஏறத்தாழ 13 பார். 60 பாகையில் அது 17 பார் ஆகிவிடுகின்றது. ஒரு பார் என்பது ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம். பத்துப் பாகை ஏறியதற்கே அமுக்கி இவ்வளவு கூடுதலாகத் தள்ள வேண்டியிருக்கின்றது. அதே நேரத்தில் என்ஜினும் மெதுவாகச் சுழல்வதால் அமுக்கி தள்ளும் ஆவியின் அளவும் குறைகின்றது. இரு பக்கமும் நட்டம்.

காரணம் எது என்று பிரித்தறிய ஓர் எளிய சோதனை உண்டு. வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்தி என்ஜினை ஓடவிட்டு, நடுத் துளையில் ஒரு வெப்பமானியைச் செருகுக. பின்னர் வெப்பச்சுருளின்மீது நீரை மெல்லத் தூவுக. வெப்பமானி விரைவில் பல பாகை இறங்குமாயின், குறை விசிறியிலோ சுருளின் தூய்மையிலோ இருக்கின்றது. நீர் தூவியும் மாறாமல், ஆக்ஸிலரேட்டரைச் சிறிது மிதித்து என்ஜின் வேகத்தைக் கூட்டினால் மட்டும் குளிர்ச்சி கூடுமாயின், அமுக்கி தேய்ந்திருக்கலாம். பெல்ட்டு வழுக்கவும் கூடும். மூடிய கொட்டகையில் இச்சோதனையைச் செய்யலாகாது. என்ஜின் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு உயிருக்கு ஆபத்தானது. மாணாக்கரைச் சுழலும் விசிறிக்கும் பெல்ட்டுக்கும் அருகில் விடவும் கூடாது.

கடற்கரையை ஒட்டிய சாலைகளில் நாள்தோறும் ஓடும் வண்டிகளில் வெப்பச்சுருளின் அலுமினியத் தகடுகளை உப்புக் காற்று அரித்துவிடும். விரலால் தொட்டால் அவை பொடியாக உதிரும். சுருளுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே சேறும் பூச்சிகளும் அடைந்திருப்பதும் உண்டு. முன்புறத்திலிருந்து பார்த்தால் சுருள் தூய்மையாகவே தோன்றும். கழுவும்பொழுது நீரின் வேகம் மிகலாகாது. தகடுகள் மடிந்துவிட்டால் காற்று புகாது. மின்காந்தக் கிளட்சு, ரிலே, எலி கடித்த கம்பி ஆகியவற்றை எந்த எலெக்ட்ரீஷியனும் சிறிது நேரத்தில் சோதித்துவிடுவார். அவற்றை விரிக்க வேண்டுவதில்லை. வெந்நீர் வால்வு சரியாக மூடாமல் ஹீட்டரின் வெப்பம் குளிர்காற்றோடு கலப்பதும் உண்டு என்பதை மட்டும் நினைவில் கொள்க.

அழுத்தமானி சொல்வதும் சொல்லாததும்

இவையெல்லாம் சரியாக இருந்தும் குளிர்ச்சி வரவில்லையெனில் அப்பொழுதே கேஸைப் பற்றி எண்ண வேண்டும். இங்கும் ஒரு தவறான பழக்கம் வேரூன்றியிருக்கின்றது. என்ஜினை நிறுத்தி வைத்து அழுத்தமானியை மாட்டி, "அழுத்தம் இருக்கிறது, கேஸ் இருக்கிறது" என்று சிலர் முடிவு செய்கின்றனர். மூடிய கலத்தில் ஒரு திரவமும் அதன் ஆவியும் சேர்ந்து இருக்கும் வரையில் அங்குள்ள அழுத்தம் வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது. திரவத்தின் அளவைப் பொறுத்ததன்று. 30 பாகையில் ஆர்-134ஏயின் ஆவியழுத்தம் 7.7 பார். குழாய்களில் 500 கிராம் இருந்தாலும் 250 கிராம் இருந்தாலும் மானி அதையே காட்டும். சமையல் எரிவாயு உருளையின் அழுத்தத்தைக் கொண்டு மீதி எத்தனை நாள் வரும் என்று கூற முடியாததும், தூக்கிப் பார்த்தே கூற முடிவதும் இதனால்தான். ஆவியழுத்தத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

ஓடும்பொழுது இரு பக்க அழுத்தங்களையும் ஒருங்கே பார்ப்பது பயனுள்ளதே. இரண்டும் தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு, தாழ்பக்கம் உயர்ந்து உயர்பக்கம் தாழ்ந்திருந்தால் அமுக்கியின் தளர்ச்சி என்று ஊகிக்கலாம். ஆயினும் அளவை உறுதியாக அறிய ஒரே வழி, இருப்பதை எடுத்து நிறுப்பதே. நிரப்புவதும் நிறையைக் கொண்டே இருக்க வேண்டும். சிறு கார்களில் மொத்த அளவே அரை கிலோகிராமை ஒட்டியது. 100 கிராம் பிழை என்பது ஐந்தில் ஒரு பங்குப் பிழையாகும்.

கசிவு பெரும்பாலும் இணைப்புகளின் ரப்பர் வளையங்களிலும், அமுக்கியின் அச்சு முத்திரையிலும், ரப்பர்க் குழாய்களிலும் ஏற்படும். கேஸோடு சிறிது எண்ணெயும் வெளிவருவதால் அவ்விடத்தில் தூசு படிந்து கறுத்த பிசுக்கு காணப்படும். கண்ணுள்ளவர்க்கு அதுவே வழிகாட்டி. பிசுக்குத் தெரியாவிடில் நைட்ரஜனை அழுத்தத்தோடு செலுத்திச் சோப்பு நுரையால் தேடலாம்; புற ஊதா ஒளியில் மின்னும் சாயத்தையும் பயன்படுத்துவர். காற்றை அழுத்திச் செலுத்திச் சோதிப்பது தவறு. நம்முடைய காற்றில் நீர் எவ்வளவு என்பதை மேலே கண்டோம். அந்நீர் குழாய்களுக்குள் புகுந்தால் விரிவு வால்வில் உறைந்து வழியை அடைக்கும். எண்ணெயோடு கூடி அமிலமாகி உலோகத்தை அரிக்கும். இவ்வமைப்பின் எண்ணெய் ஈரத்தை விரும்பி உறிஞ்சுவது. திறந்த குழாயை மூடாமல் ஓர் இரவு விட்டுவைக்கும் பட்டறை தன் வாடிக்கையாளர்க்குத் தீங்கே செய்கின்றது.

பழுது முடிந்ததும் ஈரம் உறிஞ்சும் டிரையர் குப்பியை மாற்றி, வெற்றிடப் பம்பினால் குழாய்களைக் காலி செய்ய வேண்டும். வெற்றிடம் எதற்கு? 30 பாகையில் நீரின் ஆவியழுத்தம் வளிமண்டலத்தில் நூற்றுக்கு நான்கு பங்கே. அதற்கும் கீழே அழுத்தத்தை இறக்கினால், குழாய்களுக்குள் ஒளிந்திருக்கும் நீர் அறை வெப்பநிலையிலேயே கொதித்து வெளியேறிவிடும். ஐந்து நிமிடம் பம்பை ஓட்டிவிட்டு நிறுத்துவது போதாது. அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டி, நிறுத்திய பின் மானியின் முள் நகர்கின்றதா என்றும் காண வேண்டும்.

மிகப் பழைய வண்டிகளும் போலி வாயுக்களும்

கார்களில் ஆலையிலேயே குளிரூட்டும் அமைப்பைப் பொருத்தித் தருவதை அமெரிக்காவின் பாக்கார்டு நிறுவனம் 1940-ஆம் ஆண்டுக்குரிய கார்களில் தொடங்கியது. அன்று முதல் அரை நூற்றாண்டு காலம் உலகெங்கும் கார்களில் ஆண்ட பொருள் ஆர்-12. 1928-ஆம் ஆண்டளவில் தாமஸ் மிட்ஜ்லியும் அவருடைய துணைவர்களும் ஆக்கிய குளோரோபுளுரோகார்பன் குடும்பத்தைச் சேர்ந்தது அது; எரியாது, நஞ்சுமன்று. ஆயினும் அதிலுள்ள குளோரின் மேல்வளிமண்டலத்தின் ஓசோனை அழிக்கும் என்று 1974-இல் மோலினாவும் ரோலண்டும் எடுத்துக்காட்டினர். 1985-இல் அண்டார்க்டிகாவின் மேல் ஓசோன் குறைந்திருப்பது அறிவிக்கப்பட்டது. 1987-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை தோன்றியது. இந்தியா 1992-இல் அதில் சேர்ந்தது. ஓசோனைக் குறைக்கும் பொருள்களைக் கட்டுப்படுத்தும் விதிகளை 2000-ஆம் ஆண்டில் இயற்றியது. வளரும் நாடுகள் குளோரோபுளுரோகார்பன்களைக் கைவிட உடன்படிக்கை வகுத்த எல்லை 2010-ஆம் ஆண்டு. ஆர்-134ஏயில் குளோரின் இல்லை. ஆகவே அதன் இடத்தைப் பிடித்தது.

ஆர்-12-க்கென அமைந்த பழைய வண்டி இன்னும் எவரிடமேனும் இருந்தால், அதில் ஆர்-134ஏயை அப்படியே நிரப்பலாகாது. பழைய கனிம எண்ணெய் புதிய பொருளோடு கலவாது. அமுக்கிக்கு எண்ணெய் திரும்பாமல் அது இறுகிப் போகும். எண்ணெய், ரப்பர் வளையங்கள், டிரையர் ஆகியவற்றை மாற்றிய பின்னரே நிரப்ப வேண்டும். அதன் பின்னும் குளிர்ச்சி முன்னையினும் சற்றுக் குறைவாகவே இருக்கலாம்.

விலை மலிவு என்று கூறி விற்கப்படும் பெயரறியாச் சிலிண்டர்களைக் குறித்து எச்சரிக்கை வேண்டும். சமையல் எரிவாயுவை ஒத்த எரியும் வாயுக்களை நிரப்புவோர் உண்டு. குளிர்ச்சி நன்றாகவே இருக்கும். ஆனால் குளிர்ச்சுருள் கசிந்தால் அவ்வாயு பயணிகள் அமரும் மூடிய அறைக்குள்ளேயே வரும். ஒரு பொறி போதும். இதனினும் கொடியது, ஆர்-134ஏ என்ற பெயரில் மெத்தில் குளோரைடைக் கலந்து விற்பது. அஃது அலுமினியத்தோடு கூடிக் காற்றுப் பட்டால் தானே தீப்பற்றும் சேர்மத்தை உண்டாக்கும். 2011-ஆம் ஆண்டில் வியட்நாமிலும் பிரேசிலிலும் இவ்வாறு கலப்படமான வாயு நிரப்பிய குளிர்பதனக் கப்பற்பெட்டிகள் வெடித்து, பழுது பார்த்த தொழிலாளர் உயிரிழந்தனர். நம் பட்டறைகளில் முகத்தைக் குழாயருகே வைத்து வேலை செய்யும் இளைஞரை எண்ணும்பொழுது, நூறு ரூபாய் மிச்சம் பெரிதாகத் தோன்றவில்லை.

ஆர்-134ஏயும் முற்றிலும் தீங்கற்றதன்று. ஓசோனை அது அழிப்பதில்லை. ஆனால் புவியைச் சூடாக்குவதில், நூறாண்டுக் கணக்கில், அதே நிறையுள்ள கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 1,430 மடங்கு வலியது. அரை கிலோகிராமைக் காற்றில் திறந்துவிட்டால் 700 கிலோகிராமுக்கு மேற்பட்ட கரியமில வாயுவை விட்டதற்கு ஒப்பாகும். சுமார் 300 லிட்டர் பெட்ரோலை எரித்தால் வெளிவரும் அளவு இது. கசியும் வண்டியில் ஆண்டுதோறும் நிரப்புவோர் இக்கணக்கையும் பார்க்க வேண்டும். இத்தகைய பொருள்களைப் படிப்படியாகக் குறைப்பதற்கான கிகாலித் திருத்தம் 2016-இல் உருவாயிற்று. இந்தியா அதனை 2021-இல் ஏற்றது. அதன்படி நம் நாட்டில் குறைப்பு 2032-ஆம் ஆண்டில் தொடங்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 முதல் புதிய கார்களில் ஆர்-134ஏ இடம்பெறுவதில்லை. பழைய வண்டியை வைத்திருப்போர்க்கு இதன் பொருள், இப்பொழுது குழாய்க்குள் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்வதே மலிவானது என்பதுதான்.

வகுப்பில் செய்வதற்கு

பள்ளிக்கு வரும் எந்தக் காரையும் கொண்டு இப்பாடத்தை நடத்தலாம். முதலில் ஈர உலர் குமிழ் வெப்பமானியால் அன்றைய ஈரப்பதத்தைக் குறித்துக்கொள்க. வெயிலில் நின்ற வண்டியாயின் கதவுகளைத் திறந்து ஒரு நிமிடம் சூட்டை வெளியேற்றுக. பின்னர் உட்காற்று நிலையில் வைத்து, ஊதியை நடுவேகத்தில் ஓட்டி, பத்து நிமிடம் கழித்து நடுத் துளையின் வெப்பநிலையைக் குறிக்க. அடியில் ஒரு கிண்ணத்தை வைத்துச் சொட்டும் நீரைப் பிடித்து அளக்க. அதே சோதனையை வெளிக்காற்று நிலையில் மீண்டும் செய்க. நீர் மிகும், துளையின் வெப்பநிலை ஏறும். பிடித்த நீரின் நிறையை மறைவெப்பத்தால் பெருக்கினால், நீரைப் பிழிவதற்கு மட்டும் இயந்திரம் செலவிட்ட ஆற்றல் கிடைக்கும். இரு நிலைகளிலும் வெப்பநிலையும் நீரும் சிறிதும் மாறவில்லையாயின், மாணாக்கர் ஒரு பழுதையே கண்டுபிடித்துவிட்டனர்: காற்றுக் கதவு நகரவில்லை.

என் வண்டியில் இப்பொழுது பத்து நிமிடத்தில் ஒரு தேநீர்க் குவளை நிரம்புகின்றது. மாமரத்தடியில் நிறுத்துவதை விடவில்லை. அந்த நிழலும் வேண்டுமன்றோ? சுருளை மட்டும் ஆண்டுக்கு ஒரு முறை, மாம்பூ உதிர்ந்து முடிந்தபின், கழற்றிக் கழுவச் சொல்கிறேன்.